ஓம் சொல்ல ஆளில்லாத கோழி

போன மாதம் எங்கள் பகுதிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இளம் மிருக வைத்தியர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். மரியாதையான பிள்ளை. தேத்தண்ணீர் குடித்தார், பின்வளவில் மேயும் என் நாலைந்து கோழிகளைப் பார்த்தார், கதையோடு கதையாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, உங்கடை காலத்திலை தடுப்பூசி இல்லைத்தான். எண்டாலும் வருத்தம் பிடிச்ச கோழியை உடனை கொன்று தாட்டிருந்தால் கொள்ளை நோய் அங்கையே நிண்டிருக்குமே. ஏன் ஒருத்தரும் செய்யேல்லை?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையில் இருந்த காலம் முழுக்க மேலிடத்தில் இருந்து வந்தவர்கள் எல்லாம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார்கள். பென்சன் எடுத்த பிறகும் அது என் படலையைத் திறந்துகொண்டு வருகிறது. கொன்று புதைப்பது என்ன பெரிய வேலையா? கிடங்கு வெட்டக் கொஞ்ச நேரம், கோழிக்கு ஒரு கணம். ஆனால் அதற்கு முன்னால் கோழிக்கு உரியவர் வாயால் ஒரு 'ஓம்', ஒரு சம்மதம், வாங்கவேண்டும். அந்த ஓமை வாங்கத்தான் நான் சைக்கிள் ரயர் தேயத் தேய யாழ்ப்பாணத்து வடமராட்சி முழுவதும் அலைந்தேன். அந்தப் பிள்ளைக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. தொடங்கியிருந்தால் அவர் பின்னேர பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார். ஆகவே எழுதுகிறேன்.

நான் விவசாயப் பகுதியில் கோழி வளர்ப்புப் போதனாசிரியராக இருந்தவன். இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய காலத்தில் அந்த உத்தியோகம் இன்னதென்று எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்துவதே ஒரு தனி உத்தியோகம். வடமராட்சியில் என்னைக் கோழி மாஸ்டர் என்பார்கள். என் சொந்த ஊர் வட்டுக்கோட்டை. அங்கே என் தகப்பனார் சாகும்வரை, "மகன் விவசாயக் கந்தோரிலை" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டார். கோழி என்ற சொல் அவர் வாயில் கடைசிவரை வரவில்லை. படிப்பு என்று பார்த்தால், தெற்கே ஒரு அரசாங்கப் பண்ணையில் மழையில் நனைந்து எரு அள்ளியதுதான் முக்கால்வாசி.

ஆரம்பத்தில் எனக்குக் கொடுத்த வேலை ஊர்க்கோழியின் இனத்தைத் திருத்துவது. வெள்ளைச் சீமைச் சேவல்களை அனுப்புவார்கள். நான் அவற்றை வீடு வீடாகக் கொடுக்கவேண்டும். ஒரு வீட்டில் கொடுத்த சேவலை அடுத்த கிழமை போய்ப் பார்த்தேன். வெயில் பட்டுவிடும் என்று அதைக் குசினிக்குள் கட்டி, காலுக்குக் கீழே சாக்கு விரித்து, புது மாப்பிள்ளைக்குச் செய்வதுபோல வேளாவேளைக்குச் சாப்பாடு வைத்திருந்தார்கள். பேடுகள் வெளியே ஊர்ச் சேவலோடு திரிந்தன.

"உதை வெளியிலை விட்டால்தானே அம்மா நல்ல குஞ்சு வரும்" என்றேன்.

"அரசாங்கத்துச் சேவல் மாஸ்டர். ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

ஆர் பதில் சொல்லுறது. என் உத்தியோக காலம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். அப்போது எனக்கு அது தெரியவில்லை. சேவலை அவிழ்த்து வெளியே விட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டு போனேன். நான் சந்தி திரும்பியதும் அதை மறுபடி பிடித்துக் கட்டியிருப்பார்கள்.

எனக்கு மேலே இருந்த மிருக வைத்தியர் டாக்குத்தர் அருமைநாயகம். கிறிஸ்தவர், எங்கள் பேச்சில் வேதக்காரர்; மெலிந்த மனிதர், சொல்லை எண்ணிப் பேசுகிறவர். அவரோடு ஒரு வளவுக்குள் போவதென்றால் எனக்கு எரிச்சல்தான். படலைக்கு வெளியே சப்பாத்தைக் கழற்றுவார். பினைல் கலந்த தண்ணீரில் கால் கழுவுவார், என்னையும் கழுவ வைப்பார். உள்ளே போனதும் கோழியைப் பிடிக்கமாட்டார். சற்றுத் தள்ளிக் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். வீட்டுக்காரர் கதிரை கொண்டுவந்து வைத்து, மோர் கொண்டுவந்து வைத்து, கடைசியில் அவர்களும் சலித்துப்போய்த் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதன் பிறகே ஒரு சிரட்டையில் தண்ணீர் எடுத்து வருத்தக் கோழிக்கு முன்னால் வைப்பார். குடித்தால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. குடிக்க ஆசைப்பட்டும் ஏலாமல் விட்டால், விரலில் தொட்டுச் சொட்டுச் சொட்டாகப் பருக்கிப் பார்ப்பார். தண்ணீரைக் கண்டும் முகத்தைத் திருப்பினால் எழும்பிச் சட்டைப்பையில் இருந்து கைக்குட்டையை எடுப்பார்.

கைக்குட்டை, கோழியின் கண்ணை மூடுவதற்கு. மற்றக் கோழிகள் காணாத இடமாக, கிணற்றடிக்கோ வேலி மூலைக்கோ கொண்டுபோவார். செட்டையையும் காலையும் ஒருசேர இடது கையில் பிடித்து, உடம்பைத் தன் விலாவோடு அணைத்து, அதன் படபடப்பு அடங்கும்வரை அசையாமல் நிற்பார். பிறகு தலையை இரண்டு விரலுக்கு இடையில் எடுத்துக் கீழ்நோக்கி ஒரே இழுவை, அதோடு சேர்த்துப் பின்னுக்கு ஒரு மடக்கு. முடிந்தபின் கண்ணைத் தொட்டுப் பார்ப்பார், இமை அசைகிறதா என்று.

"பயந்து சாகக்கூடாது, நொந்தும் சாகக்கூடாது. அவ்வளவுதான் எங்களாலை செய்யக்கூடியது" என்பார்.

கொல்வதில் அவருக்கு அவசரம் இருந்ததே இல்லை. கரவெட்டியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், காலை நொண்டுகிற பேடு ஒன்றைக் காட்டி, "உதை முடிச்சு விடுங்கோ டாக்குத்தர், பாக்கச் சகிக்கேல்லை" என்றார். டாக்குத்தர் அதன் பாதத்தைத் திருப்பினார். முள் ஏறி உள்ளே சீழ் கட்டியிருந்தது. கீறி, அழுத்தி, உப்புத் தண்ணீரில் கழுவி, பழந்துணியால் கட்டி, வைக்கோலில் விடச் சொன்னார். "பாக்கச் சகிக்காட்டில் கொஞ்ச நாளைக்கு அங்காலை பாருங்கோ" என்று வாத்தியாருக்குச் சொன்னார். அந்தப் பேடு பிறகும் வருடக்கணக்கில் முட்டை இட்டது.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்கமுடியாமல் இருந்தது அவருடைய இன்னொரு வழக்கம். கோழிக்கு உரியவரைக் கூப்பிட்டு, 'ஓம், செய்யுங்கோ' என்று அவர் வாயால் வரவேண்டும். வராவிட்டால் கை வைக்கமாட்டார். தொற்று நோய்ச் சட்டப்படி எங்களுக்கு அதிகாரம் இருக்கிறதே என்று ஒரு நாள் சண்டைக்குப் போனேன்.

"அதிகாரத்தாலை ஒரு கோழியைக் கொல்லலாம். அடுத்த வீட்டுக்காரி தன்ரை வருத்தக் கோழியைப் பானைக்குள்ளை ஒளிப்பாள். பிறகு நீர் வீடு வீடாய்ப் பானை திறந்து பாரும்" என்றார்.

சண்டையை அதோடு விட்டேன். எரிச்சல் மட்டும் மிச்சமாக இருந்தது.

இனி வாரக்கோழியைப் பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. ஒருவர் தன் பேட்டுக்கோழியை இன்னொருவர் வளவில் வளர்க்க விடுவார். தாய் கொடுத்தவருக்கு, பொரிக்கும் குஞ்சில் பாதி வளர்த்தவருக்கு. நல்ல ஏற்பாடுதான், கோழி சுகமாக இருக்கும்வரை. செத்தால்தான் வில்லங்கம். "வருத்தம் வந்து செத்தது" என்பாள் வளர்த்தவள். "கறி வைச்சுத் திண்டிட்டு வருத்தம் எண்டுறாள்" என்பார் கொடுத்தவர். இதற்கு எங்கள் சனம் கண்டுபிடித்த வழி, சாகக் கிடக்கும் கோழியைக் கடகம் என்கிற பனையோலைக் கூடையில் வைத்துச் சுமந்து, கொடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவது. அதுவும் உயிரோடு காட்டவேண்டும். செத்தபின் கொண்டுபோனால் கழுத்தைத் திருகிவிட்டு வந்தாய் என்பார்கள். ஆகவே வளர்த்தவள் அந்தக் கோழியின் உயிரை இழுத்துப் பிடித்து வைத்திருப்பாள். மிளகுத் தண்ணீர் பருக்குவாள், செட்டைக்குள் ஊதுவாள், வழியில் நிழல் கண்ட வளவுகளில் எல்லாம் கடகத்தை இறக்கி வைத்து ஆறுவாள். கொள்ளை நோய்க்கு வண்டில் பிடித்து ஊர்வலம் விட்டாலும் இவ்வளவு வசதியாகப் பரவாது. நான் கூட்டம் போட்டுச் சொன்னேன், சந்தையில் நின்று கத்தினேன். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

வடமராட்சியில் அதிகமான வாரக்கோழிகளுக்கு உரியவர் உடுப்பிட்டியில் இருந்த தெய்வானைப்பிள்ளை. மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சன் எடுத்தவரின் மனைவி, பெரிய கல்வீடு, அப்பழுக்கில்லாத சைவம். அவர் வளவுக்குள் ஒரு கோழி தப்பித் தவறிக் கால் வைத்தால் சாணகம் தெளிப்பார்கள். ஆனால் சுற்றுவட்டாரம் முழுவதும் அவருடைய பேடுகள் வாரத்துக்கு நின்றன. கோழி வளர்ப்பதுதான் ஆசாரக் குறைவு; வளர்ப்பித்தால் குறைவில்லை. இந்தச் சாத்திரம் எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

அவருடைய கோழிகளை வளர்த்தவர்களில் ஒருத்தி கரவெட்டியில் இருந்த செல்லம். புருஷன் வன்னிக்கு வயல் வேலைக்குப் போய்க் காய்ச்சலில் செத்துவிட்டான். ஒரு பெண் குழந்தை. தெய்வானைப்பிள்ளைக்கு ஏதோ தூரத்து உறவு என்பதால் 'அக்கா' என்று கூப்பிடுவாள். அவளுடைய அடுப்பு எரிந்தது அந்தக் கோழிகளால். வாரத்துக்குக் கோழி விடுவது ஆளை நம்பி. தின்றுவிட்டாள் என்ற பெயர் ஒருமுறை வந்தால் பிறகு ஒருவரும் ஒரு குஞ்சும் தரமாட்டார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரார் தோட்டத்தில் கூலிக்கு நிற்கவேண்டியதுதான். அவள் வளவைப் போலத் துப்பரவான கோழிவளவு என் பகுதியில் இருக்கவில்லை. நான் ஒருமுறை சொன்னதைச் செய்து வைத்திருந்த ஒரே ஆளும் அவள்தான்.

அந்த வருடம் மாரி விட்ட கையோடு கொள்ளை வந்தது. முதலில் கோழி தூங்கி வழியும், பச்சையாய்க் கழியும், பிறகு கழுத்து முறுகும். மருந்து கிடையாது. ஒரு காலை செல்லத்தின் படலையடியில் சைக்கிளை நிறுத்தினேன். அவள் கடகத்துக்குள் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"எங்கை போக வெளிக்கிட்டனீர்?"

"உடுப்பிட்டிக்கு மாஸ்டர். புள்ளிப்பேட்டுக்கு ஏலாமல் கிடக்கு. அக்காவுக்குக் காட்டோணும்."

"கடகத்தை வையும் அங்காலை" என்று கத்தினேன். அவள் பயந்து வைத்துவிட்டாள்.

புள்ளிப்பேடு கரப்புக் கூடைக்குள் பக்கம் சரிந்து கிடந்தது. கழுத்து முறுகி, முகம் முதுகுக்குப் போயிருந்தது. எழும்ப எத்தனிக்கும் ஒவ்வொரு முறையும் உருண்டு சுற்றி மறுபடி விழுந்தது. வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கியது. அன்று டாக்குத்தர் பருத்தித்துறைப் பக்கம் வந்திருந்தார். ஆள் அனுப்பினேன், வந்தார். வழக்கம்போலச் சப்பாத்து, வழக்கம்போலப் பினைல், வழக்கம்போலக் குந்தியிருப்பு. சிரட்டைத் தண்ணீரை அதன் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். அது சொண்டை இறுக மூடிக் கண்ணையும் மூடிக்கொண்டது.

"பிள்ளை, கோழிக்கு உரியவர் ஆர்?"

"வாரக்கோழி ஐயா. உடுப்பிட்டி அக்காவின்ரை."

"அப்ப அவதான் சொல்லோணும்." என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், ஒருக்காப் போய்க் கேட்டுக்கொண்டு வாரும். ஒரு சொல்லுத்தானே."

ஒரு சொல்லுத்தான். உச்சி வெயிலில் உடுப்பிட்டிக்கு மிதித்தேன். தெய்வானைப்பிள்ளை முற்றத்தில் பூ ஆய்ந்துகொண்டு நின்றார்.

"அம்மா, செல்லத்திட்டை விட்ட உங்கடை புள்ளிப்பேடு தப்பாது. நோப்பட்டுக்கொண்டு கிடக்கு. டாக்குத்தர் வந்து நிக்கிறார். நீங்கள் ஓம் எண்டால் நோகாமல் முடிச்சுப்போட்டுத் தாட்டுவிடுவம்."

"தம்பி, கோழிக்கு வருத்தமெண்டால் மருந்து குடுக்கிறதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்? கொல்லுறதுக்கோ?"

"உதுக்கு மருந்தில்லை அம்மா."

"கொல்லுங்கோ எண்டு என்ரை வாயாலை வராது. நாங்கள் சைவம். சாகேக்கை சாகட்டும். சாகமுதல் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கோ."

"கொண்டு வந்தால் வழியிலை இருக்கிற கோழியெல்லாம் சாகும். உங்கடை ஊர்க் கோழியும் சாகும்."

"எங்கடை வளவிலை கோழி இல்லைத்தானே."

இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன சொல்லுவது? ஆனாலும் நான் நின்று வாதாடினேன். கொல்லச் சொல்வது பாவமென்றால் துடிக்க விடுவது எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டேன். அவர் பூத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், மறுபடி வந்தார், அதையே மறுபடி சொன்னார். கடைசியில் நான் வாயும் தலையும் காய்ந்துபோய்க் கரவெட்டிக்குத் திரும்பினேன்.

திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. கிடங்குக்குச் சுண்ணாம்பு போட்டு மண் மூடியிருந்தது. நடந்ததைச் செல்லம் சொன்னாள். நான் போன நேரம் முழுக்க டாக்குத்தர் தன் குடையைக் கரப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு குந்தியிருந்திருக்கிறார். பேடு உருள்வதும் விழுவதும் நிற்கவில்லை. செல்லத்தால் தாங்க ஏலாமல் போய்விட்டது.

"ஐயா, நீங்கள் செய்யுங்கோ. நான் ஓம் சொல்லுறன்" என்றிருக்கிறாள்.

"நீர் உரியவ இல்லையே பிள்ளை."

"கோழி அக்காவின்ரை. அதிலை எனக்குப் பங்கில்லை. விடியத் துவக்கம் உந்த நோவைப் பாத்துக்கொண்டிருக்கிறது நான். அதிலை எனக்குப் பங்கிருக்கு."

டாக்குத்தர் குடையை மடக்கி வைத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தாராம். என்னிடம் அவர் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. கால் கழுவினார், சப்பாத்தைப் போட்டார், போய்விட்டார். நான் மட்டும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உரியவர் சொல்லவேண்டும் என்று என்னை வெயிலில் ஓடவிட்டவர், அந்த வழக்கத்தைத் தானே மீறிவிட்டாரே என்று அவர்மேல் அன்று வந்த கோபம் அடங்க நாளெடுத்தது.

விஷயம் உடுப்பிட்டிக்குப் போக நேரமாகவில்லை. ஊர்த் தலைமைக்காரரான விதானையாரையும் கூட்டிக்கொண்டு தெய்வானைப்பிள்ளை வண்டிலில் வந்து செல்லத்தின் படலைக்கு வெளியே நின்றார். வண்டிலை விட்டு இறங்கவில்லை. எனக்குச் சொல்லியனுப்பியதால் நானும் போயிருந்தேன்.

"கோழியைத் திண்டிட்டுக் கிடங்கை மூடி வைச்சிருக்கிறாள். கிண்டிக் காட்டட்டும்."

"கிடங்கிலை ஒருத்தரும் கை வைக்கேலாது" என்று நான் குறுக்கே நின்றேன். "அதுக்குள்ளை இருக்கிறது கொள்ளை."

விதானையார் வெயிலில் நின்று களைத்த மனிதர். "அப்ப தின்னேல்லை எண்டதுக்குச் சாட்சி ஆர்?"

"டாக்குத்தர்தான் தன்ரை கையாலை தாட்டவர்" என்றேன்.

"டாக்குத்தர் வேதக்காரர். பிள்ளையார் கோயிலிலை கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவாரோ? மாஸ்டர், நீர் சைவம்தானே. நீர் அணையும். அலுவல் முடிஞ்சுது."

நான் வாயைத் திறக்குமுன் வண்டிலுக்குள் இருந்து குரல் வந்தது. "உவர் என்னெண்டு அணைக்கிறது? உவர் அந்த நேரம் என்ரை முற்றத்திலை நிண்டு என்னோடை வாய்காட்டிக்கொண்டெல்லே நிண்டவர்."

உண்மைதான். சத்தியம் செல்லுபடியாகக்கூடிய ஒரே ஆள் நான். அந்த நேரத்தில் அங்கே இல்லாத ஒரே ஆளும் நான். அதற்குச் சாட்சி, குற்றம் சாட்டுகிறவரே. என் தலைவிதியை நினைத்து நான் சிரிக்கவில்லை, இப்போதும் சிரிப்பு வரவில்லை.

"நான் தின்னேல்லை. நான் கற்பூரம் அணைக்கிறன்" என்றாள் செல்லம்.

"தின்னேல்லை எண்டு மட்டும் சொன்னால் காணாது. உன்ரை கையாலையும் சொல்லாலையும் அந்தக் கோழி சாகேல்லை எண்டு சொல்லி அணை."

செல்லம் மூடிய கிடங்கைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லிவிடு, பெண்ணே, சொல்லித் தொலைத்துவிடு என்று என் மனம் அடித்துக்கொண்டது.

"அது பொய் அக்கா. என்ரை சொல்லாலைதான் செத்தது."

"பிறகென்ன" என்று விதானையார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எனக்கு அந்த நேரம் எல்லாரிலும் பார்க்கச் செல்லத்தின்மேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு நேர்மையை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எப்படிச் சீவிப்பது?

தெய்வானைப்பிள்ளை மிச்சக் கோழிகளை அன்றைக்கே பிடிப்பித்தார். கொள்ளை வந்த வளவில் நின்ற கோழிகளை இன்னொரு வளவில் விடவேண்டாம் என்று வண்டில் சில்லைப் பிடித்துக்கொண்டு மன்றாடினேன். "ஓடித் திரியிற கோழிக்கு வருத்தமெண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டு, அவற்றைத் தன்னுடைய மற்றக் கோழிகள் நின்ற வளவுகளில் பங்கிட்டு விட்டார். கந்தோருக்குத் தந்தி அடித்தேன். தடைக் கட்டளை வந்து சேர்ந்தபோது தடுக்க அதிகம் இருக்கவில்லை. செல்லத்தை அந்தக் கிழமை ஒரு புகையிலைத் தோட்டத்தில் குழந்தையை வரம்பில் இருத்திவிட்டுத் தண்ணீர் கட்டுகிறவளாகக் கண்டேன். நான் சைக்கிள் மணியை அடிக்காமல் கடந்து போனேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, உடுப்பிட்டியில் அந்தக் கல்வீட்டுப் படலைக்கு முன்னால் பெண்கள் கடகங்களோடு நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். எல்லாரும் அவருடைய கோழிகளை வாரத்துக்கு வளர்த்தவர்கள். எல்லாக் கடகத்திலும் கழுத்து முறுகிய கோழி. அம்மாவின் கட்டளைப்படி, சாகமுதல் காட்ட வந்திருந்தார்கள். செல்லத்துக்கு நடந்ததைக் கண்டபின் ஒருத்தியும் வராமல் இருப்பாளா?

தெய்வானைப்பிள்ளை தோய்ந்த தலையோடு படலைக்கு வந்து எட்டிப் பார்த்தார். "கண்டிட்டன். கொண்டுபோங்கோ."

"கண்டால் காணாது அக்கா" என்றாள் ஒருத்தி. "பிறகு திண்டனாங்கள் எண்டு சொன்னால் நாங்கள் என்ன செய்யிறது? சாகுமட்டும் நிண்டு பாருங்கோ."

அவர் நின்றார். போகவும் ஏலாது. வேலியில் காகம் வந்து குந்தத் தொடங்கியது. கடகங்களுக்குள் கோழிகள் உருண்டு உருண்டு ஓலையில் அடிபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் இதற்கு முன் கொள்ளை பிடித்த கோழியைக் கிட்ட நின்று பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொண்டுவந்து காட்டுகிற கோழியை இவ்வளவு காலமும் வேலைக்காரன்தான் பார்த்திருக்கிறான்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ அம்மா. நான் முடிச்சு விடுறன்" என்றேன்.

"அண்டைக்குக் கரவெட்டியிலை என்ன செய்தனீங்கள்?"

"எனக்கென்ன தெரியும்? நான் உங்களோடையெல்லே மாரடிச்சுக்கொண்டு நிண்டனான். செல்லத்தைக் கேளுங்கோ."

அவர் செல்லத்தைக் கூட்டிவர வண்டிலைக் கட்டி அனுப்பினார்.

செல்லம் தோட்டத்துச் சேற்றுக் காலோடு வந்து இறங்கினாள். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு சிரட்டை கேட்டாள், தண்ணீர் வார்த்தாள், முதல் கடகத்துக்கு முன்னால் குந்தினாள். டாக்குத்தர் பார்த்ததுபோலவே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கோழியும் முகத்தைத் திருப்பியது. கடைசிக் கடகத்தில் ஒரு கறுப்புப் பேடு, கழுத்துச் சற்றே கோணியது, சொண்டை நனைத்து அண்ணாந்து விழுங்கியது. அவள் அந்தக் கடகத்தைத் தனியே இழுத்து வைத்தாள்.

"உது இருக்கட்டும். மற்றதுகளுக்கு நீங்கள் சொல்லுங்கோ அக்கா."

"நீயே சொல்லு செல்லம். எனக்கு வாய் வருகுதில்லை."

"அண்டைக்கு நான் சொன்னன். அதுக்குப் பட்டன். இண்டைக்கு உரியவ சொல்லட்டும்."

தெய்வானைப்பிள்ளையின் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"மாஸ்டர் சாட்சிக்கு நிக்கிறார். அவருக்குக் கேக்கச் சொல்லுங்கோ" என்றாள் செல்லம்.

"ஓம். செய்யுங்கோ."

சொல்லிவிட்டு அவர் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நான் கோழிகளை ஒவ்வொன்றாகக் கண்ணைக் கட்டி மதிலுக்கு மறுபுறம் கொண்டுபோனேன். என் கை டாக்குத்தரின் கை அல்ல. ஆனால் ஒன்றும் நோகவில்லை, அதை நான் கண்ணைத் தொட்டுப் பார்த்தே சொல்கிறேன். திரும்பி வழியால் சுமந்துபோக ஏலாது, இங்கேதான் புதைக்கவேண்டும் என்றேன். கோழி கால் வைத்தால் சாணகம் தெளிக்கும் அந்த வளவில், வாழைப்பாத்திக்குப் பின்னால் அவரே இடம் காட்டினார்.

எல்லாரும் கலைந்தபின் செல்லம் படலையடியில் பினைல் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். தெய்வானைப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார்.

"செல்லம், இனியும் வாரத்துக்குக் கோழி எடுப்பியோ?"

அவள் நிமிராமலே சொன்னாள். "எடுப்பன் அக்கா. கோழியோடை அந்த ஓமையும் என்னட்டைத் தந்தால் எடுப்பன்."

தெய்வானைப்பிள்ளை என்னைப் பார்த்தார். செல்லத்தின் வளவில் இப்போது தொற்றுவதற்கு ஒரு கோழியும் இல்லை, வழியில் எங்கும் இறக்காமல் வண்டிலில் மூடிக்கொண்டு போனால் தாராளமாகக் கொண்டுபோகலாம் என்று நான் சொன்னேன். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவர் குனிந்து, கறுப்புப் பேடு இருந்த கடகத்தைத் தன் கையாலேயே தூக்கினார். கோழிக் கடகத்தை எப்படிப் பிடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

"ரண்டையும் கொண்டுபோ" என்று செல்லத்தின் கையில் கொடுத்தார்.

இதற்குக் கற்பூரம் அணைக்க ஆள் வேண்டுமென்றால் இம்முறை நான் அங்கேதான் நின்றேன்.